ஃபயர் சேஃப்டிக்கு ஃபீஸ் கட்டலாமா? கட்டலாம், ஆனா எதுக்குக் கட்டுறோம்னு தெரிஞ்சு கட்டுங்க



அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கைப் பத்திப் பேசின வீடியோவுக்குக் கீழே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "தீயணைப்புத் துறைக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்குது. நாம வரியும் கட்டுறோம். அப்புறம் பிளான் பார்க்க ஒரு ஃபீஸ், சோதனைக்கு ஒரு ஃபீஸ்னு தனியா எதுக்குக் கட்டணும்?"

நியாயமான கேள்வி. வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனாலதான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தீ பாதுகாப்புச் சோதனைக்குக் கட்டணம் வாங்குறது தப்பில்லை. சொல்லப்போனா, வாங்குறதுதான் நியாயம். ஆனா நாம கொடுக்கிற காசு சோதனைக்கான விலையா இருக்கணும். அனுமதிக்கான விலையா மாறிடக் கூடாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துக்காகத்தான் நாம சண்டை போடணும்.

எதுக்காக இந்தக் காசு?

தீயணைப்புத் துறை செய்யற வேலையை மூணா பிரிச்சுப் பாருங்க.

முதல் வேலை, தீ பிடிச்சா வந்து அணைக்கிறது. ரெண்டாவது, கட்டடம் கட்டுறதுக்கு முன்னாடி வரைபடத்தைப் பார்க்கிறது. மாடிப்படி எத்தனை, அகலம் எவ்வளவு, வண்டி உள்ளே வர வழி இருக்கா, தண்ணித் தொட்டி எவ்வளவு பெருசுன்னு பார்த்துச் சொல்றது. மூணாவது, கட்டி முடிச்ச பிறகும், அதுக்கப்புறம் குறிப்பிட்ட இடைவெளியிலும் நேர்ல வந்து சோதிக்கிறது.

முதல் வேலைக்குக் கட்டணம் வாங்கவே கூடாது. குடிசை எரிஞ்சாலும், கோடீஸ்வரர் பங்களா எரிஞ்சாலும் போன் பண்ணினா வண்டி வரணும். "பில் எவ்வளவு வருமோ"ன்னு ஒருத்தர் ஒரு நிமிஷம் யோசிச்சா, தீ பக்கத்து வீட்டுக்குப் போயிடும். இது முழுக்க வரிப் பணத்துல நடக்க வேண்டியது.

ரெண்டாவதும் மூணாவதும் வேற மாதிரி. ஒரு பில்டர் பதினாலு மாடி கட்டி விற்கிறார்னு வைங்க. அந்த வரைபடத்தைப் படிக்க ஒரு அதிகாரியோட பல மணி நேரம் போகுது. அந்தச் செலவை யார் ஏத்துக்கணும்? லாபம் பார்க்கிற பில்டரா, இல்ல ரோட்டோரம் இட்லி விக்கிற அக்கா கட்டுற வரியா? தமிழ்நாட்டுல 18.30 மீட்டருக்கு மேல உயரம் போனா அது உயர்மாடிக் கட்டடம். அதுக்குத் தனி விதிகள், தனி பரிசீலனை. கூடுதல் வேலையை உண்டாக்குறவங்க கூடுதல் செலவை ஏத்துக்கிறதுதான் முறை. இதை ஃபீஸா வாங்கலைன்னா, அந்தச் செலவு காணாமப் போகாது. எல்லாரோட வரியிலயும் சத்தமில்லாம ஏறி உட்கார்ந்துக்கும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. வரைபடத்துல ஒரு மாடிப்படியை நகர்த்த ஒரு பென்சில் போதும். கான்கிரீட் போட்ட பிறகு நகர்த்தணும்னா லட்சக்கணக்குல ஆகும், இல்லைன்னா நகர்த்தவே முடியாது. அதனால பிளான் பரிசீலனைக்குக் கொடுக்கிற காசு, பில்டருக்கே கூட மலிவான இன்சூரன்ஸ் மாதிரிதான்.

வரி வேற, கட்டணம் வேற

இதைச் சட்டமும் பிரிச்சுத்தான் பார்க்குது. 1954-ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த ஷிரூர் மடம் வழக்குத் தீர்ப்பு ரொம்பப் பிரபலம். அப்போதைய மெட்ராஸ் மாநிலத்தோட 1951 அறநிலையச் சட்டத்துல, கோயில், மடங்கள் வருமானத்துல ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்தணும்னு இருந்தது. அந்தப் பணம் அரசோட பொதுக் கணக்குல போய்க் கலக்குது, கொடுக்கிறவருக்குச் செய்யற சேவையோட அதுக்கு நேரடித் தொடர்பு இல்லை, அதனால அது கட்டணம் ஆகாது, வரிதான்னு கோர்ட் சொல்லிடுச்சு.

பின்னாடி வந்த தீர்ப்புகள் இதைக் கொஞ்சம் தளர்த்தின. பைசாவுக்குப் பைசா கணக்கு காட்ட வேண்டாம், பொதுவான ஒரு தொடர்பு இருந்தா போதும்னு ஆச்சு. ஆனா அடிப்படை யோசனை நமக்கு இன்னிக்கும் உதவும். கட்டணம்னு பேர் வச்சு வாங்கினா, பதிலுக்கு ஒரு வேலை நடக்கணும். வேலை நடக்கலைன்னா அது வேற பேர்ல வாங்கின வரி.

ஒரு உதாரணக் கணக்கு

நியாயமான கட்டணம்னா எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள்தான், எந்த ஊர் கட்டணப் பட்டியலும் இல்லை.

ஒரு ஆய்வு அதிகாரிக்குச் சம்பளம், வண்டி, பயிற்சி, ஆபீஸ் செலவு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 12 லட்சம் ஆகுதுன்னு வைங்க. வருஷத்துல 220 வேலை நாள். ஒரு நாளைக்கு 3 கட்டடம். மொத்தம் 660 சோதனை. 12 லட்சத்தை 660-ஆல வகுத்தா ஒரு சோதனைக்குச் சுமார் 1,800 ரூபாய்.

இப்போ அரசு 2,000 ரூபாய் வாங்கினா, அது கட்டணம். அதே வேலைக்கு 20,000 வாங்கினா, மீதி 18,000 எங்கே போகுதுன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு. 2,000 வாங்கிட்டு யாருமே நேர்ல வரலைன்னா? அப்பவும் அது கட்டணம் இல்லை. தொகை சின்னதா இருக்கிறதால நாம கேட்காம விட்டுடறோம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரங்க பக்கமிருந்தும் பாருங்க. 96 வீடு இருக்கிற அபார்ட்மென்ட்ல வருஷத்துக்கு 48,000 ரூபாய் சோதனைக்கும் அது சார்ந்த சான்றுக்கும் ஆகுதுன்னு வச்சாக்கூட, ஒரு வீட்டுக்கு வருஷம் 500. மாசம் 42 ரூபாய். இதுக்கு அசோசியேஷன் மீட்டிங்ல ஒரு மணி நேரம் சண்டை போடுறவங்க, அந்த 42 ரூபாய்க்கு ஹைட்ரன்ட் குழாயில தண்ணி வருதான்னு ஒரு தடவை கூடத் திறந்து பார்க்கிறதில்லை.

ஆனா சின்னக் கடைக்காரருக்கு இந்தக் கணக்கு வேற. மாசம் 30,000 ரூபாய் லாபம் பார்க்கிற பத்து சீட் மெஸ்ஸுக்கும், பெரிய மாலுக்கும் ஒரே மாதிரி 5,000 ரூபாய்னு வச்சா, மாலுக்கு அது கணக்குலயே வராது. மெஸ்காரருக்கு அது அஞ்சு நாள் லாபம். அவர் கட்ட மாட்டார். கட்டாதவர் பதிவுலயே இருக்க மாட்டார். பதிவுல இல்லாத கடைக்குச் சோதனை போகாது. கட்டணத்தை எல்லாருக்கும் ஒண்ணா வச்சா, ஆபத்தான இடங்கள்தான் முதல்ல கண்ணுல இருந்து மறையும்.

கலிஃபோர்னியாவுல என்ன நடந்தது?

உள்ளூர் அளவுல கட்டணம் வாங்குற முறை அமெரிக்காவுல ரொம்பப் பழக்கம். கலிஃபோர்னியாவை எடுத்துக்கலாம். அங்க ஹோட்டல், அபார்ட்மென்ட் மாதிரி கட்டடங்களை உள்ளூர் தீயணைப்புத் துறை வருஷா வருஷம் சோதிக்கணும்னு மாநிலச் சட்டம் சொல்லுது. அதுக்கு ஆகிற நியாயமான செலவை உரிமையாளர்கிட்ட வாங்கிக்கவும் அனுமதி உண்டு. 2010-ல மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு திருத்தமும் கொண்டுவந்தாங்க. செலவுக்கு மேல வாங்கினா அது கட்டணம் இல்லை, வரின்னு அதுல தெளிவா எழுதிட்டாங்க. ஷிரூர் மடம் தீர்ப்பு ஞாபகம் வருதா?

சட்டம் இருந்தது, கட்டணம் வாங்க வழியும் இருந்தது. ஆனாலும் 2016 டிசம்பர் 2-ம் தேதி ஓக்லண்ட் நகரத்துல 'கோஸ்ட் ஷிப்'னு சொல்லப்பட்ட ஒரு கிடங்குல இசை நிகழ்ச்சி நடந்தப்போ தீ பிடிச்சு 36 பேர் இறந்தாங்க. காகிதத்துல அது கிடங்கு. உள்ளே ஆட்கள் குடியிருந்தாங்க, நிகழ்ச்சியும் நடந்தது. அந்தக் கட்டடத்துல தீ பாதுகாப்புச் சோதனை நடந்ததுக்கான பதிவே கிடைக்கலை. பிறகு பத்திரிகைகள் தோண்டிப் பார்த்தப்போ, சட்டப்படி வருஷா வருஷம் பார்த்தே ஆக வேண்டிய ஸ்கூல், அபார்ட்மென்ட்லயே நிறைய இடங்களைப் பல ஊர்ல பார்க்காம விட்டது வெளிய வந்தது.

அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச மருந்து எளிமையானது. 2018-ல ஒரு சட்டம் போட்டாங்க. ஒவ்வொரு தீயணைப்புத் துறையும், சட்டப்படி பார்க்க வேண்டிய கட்டடங்கள்ல எத்தனையைப் பார்த்தோம்னு வருஷா வருஷம் உள்ளூர் மன்றத்துல அறிக்கை வைக்கணும். மன்றம் அதைத் தீர்மானமா பதிவு பண்ணணும். இவ்வளவுதான்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், இதுக்குப் பெரிய செலவே இல்லைங்கிறது. நாம கொடுத்த காசுக்கு வேலை நடந்ததான்னு வெளிப்படையா ஒரு எண் வருது. நம்ம ஊர்ல இப்படி ஒரு எண்ணை மாநகராட்சி மன்றத்துல வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?

அதிகாரப்பூர்வ ஃபீஸும் கீழ்மேசைக் காசும்

இப்போ உங்க மனசுல ஓடுற அடுத்த கேள்வி தெரியும். "ஃபீஸ் கட்டினாலும் மேல கொடுக்கணுமே?"

ராஜ்கோட் சம்பவத்தைப் பாருங்க. 2024 மே 25-ம் தேதி டி.ஆர்.பி. கேம் ஜோன்ல தீ பிடிச்சு, குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தாங்க. அந்த இடத்துக்கு ஃபயர் என்.ஓ.சி.யே இல்லை. விஷயம் அதோட முடியலை. சில மாசத்துலயே, அந்த ஊருக்குப் புதுசா பொறுப்புக்கு வந்த தலைமைத் தீயணைப்பு அதிகாரி, ஒரு ஃபயர் என்.ஓ.சி.க்காக 1.8 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினதா ஊழல் தடுப்புப் பிரிவால கைது செய்யப்பட்டார். நாடே பார்த்து அழுத ஒரு ஊர்லயே இந்த நிலைமை.

இதுல இருந்து "ஃபீஸே வேண்டாம்"னு முடிவுக்கு வந்தா அது தப்பு. லஞ்சம் வாழறது ஃபீஸால இல்லை, காத்திருப்பால. ஒரு ஹோட்டல் கட்டி முடிச்சு, பேங்க் லோனுக்கு மாசம் 4 லட்சம் ஈ.எம்.ஐ. கட்டுறவர்னு வைங்க. சான்று ஒரு மாசம் தள்ளிப்போனா அவருக்கு 4 லட்சம் நஷ்டம். அதனால ஒரு லட்சம் கேட்டாலும் கொடுத்துடுவார், அது அவருக்கு லாபமா தெரியும். இந்தக் கணக்கை உடைக்கணும்னா, இத்தனை நாளுக்குள்ள வந்து பார்க்கணும், பார்த்த அன்னிக்கே குறைகளை எழுத்துல கொடுக்கணும்னு விதி வேணும். குறிச்ச நாள்ல வரலைன்னா கட்டின ஃபீஸைத் திருப்பிக் கொடுக்கணும். கூடவே வேற அதிகாரிகிட்ட வேலை தானா மாறணும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனமா தவிர்க்கணும். "குறிச்ச நாள்ல பார்க்கலைன்னா அனுமதி கொடுத்ததா அர்த்தம்"னு சில அனுமதிகளுக்கு வச்சிருக்கிற மாதிரி தீ பாதுகாப்புக்கு வைக்கவே கூடாது. தாமதமானா காசு திரும்பி வரட்டும். பார்க்காத கட்டடத்துக்குச் சான்று வரக் கூடாது.

காசு வாங்கினவங்களுக்குப் பொறுப்பு உண்டா?

1997 ஜூன் 13-ல டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில 59 பேர் இறந்தாங்க. நஷ்ட ஈட்டை யார் கொடுக்கணும்னு டெல்லி ஹைகோர்ட் 2003-ல பிரிச்சப்போ, தியேட்டர் உரிமையாளருக்கு 55 சதவீதம், மின் வாரியத்துக்கு 15, மாநகராட்சிக்கு 15, லைசென்ஸ் கொடுத்த அதிகாரத்துக்கு 15னு வச்சது. 2011-ல சுப்ரீம் கோர்ட் இதை மாத்திடுச்சு. உரிமையாளர் 85, மின் வாரியம் 15. மாநகராட்சிக்கும் லைசென்ஸ் கொடுத்தவங்களுக்கும் நஷ்ட ஈட்டுல பங்கு இல்லைன்னு ஆச்சு.

ஓக்லண்ட்ல நகர நிர்வாகம் தப்பை ஒப்புக்கலைன்னாலும், 2020-ல பாதிக்கப்பட்டவங்களோட 32.7 மில்லியன் டாலருக்குச் சமரசம் செஞ்சுக்கிட்டது. அவ்வளவு காசு வெளிய போனா, அடுத்த வருஷ பட்ஜெட்ல சோதனைக்கு ஆள் போடுறது செலவா தெரியாது, சேமிப்பா தெரியும்.

நம்ம ஊர்ல ஃபீஸ் வாங்கி, கையெழுத்தும் போட்டவங்களுக்குப் பணப் பொறுப்பு இல்லைன்னா, அந்தக் கையெழுத்துக்கு நாம கொடுக்கிற விலைக்கு என்ன அர்த்தம்? இந்த இடத்துலதான் நான் கொஞ்சம் கடுமையாவே சொல்வேன். பொறுப்பு இல்லாத சான்றுக்கு ஃபீஸ் வாங்கக் கூடாது.

நம்ம தமிழ்நாட்டுல எப்படி இருக்கணும்?

அரசியல் சட்டத்தோட 12-வது அட்டவணையில, உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய வேலைகள் பட்டியல்ல தீயணைப்பும் இருக்கு. மும்பை, அகமதாபாத் மாதிரி நகரங்கள்ல மாநகராட்சியே தீயணைப்புப் படையை நடத்துது. தமிழ்நாட்டுல அது மாநில அரசுத் துறை. அதனால மதுரையில கட்டுற காசு மதுரையில சோதனை அதிகாரியா திரும்பி வரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

மத்திய அரசு 2023-ல மாநிலத் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 5,000 கோடி ரூபாய் திட்டம் அறிவிச்சது. நல்ல விஷயம்தான். வண்டி, கருவி, நிலையம், பயிற்சிக்கெல்லாம் அது உதவும். ஆனா வருஷா வருஷம் படியேறி வந்து பார்க்கிற ஆளோட சம்பளம் ஒரு தடவை வர்ற திட்டத்துல நடக்காது. அதுக்கு வருஷா வருஷம் வர்ற பணம் வேணும். ஃபீஸுக்கு நான் ஆதரவா இருக்கிற முக்கியக் காரணமே இதுதான்.

மகாராஷ்டிரா ஒரு வழி பிடிச்சிருக்கு. அவங்களோட 2006 சட்டப்படி, லைசென்ஸ் வாங்கின தனியார் நிறுவனங்கள் கட்டடத்தோட தீ பாதுகாப்புக் கருவிகளைச் சோதிச்சுச் சான்று கொடுக்கணும், உரிமையாளர் அதை ஒவ்வொரு ஜனவரியும் ஜூலையும் சமர்ப்பிக்கணும். அரசு ஆள் பத்தாத இடத்துல இது உதவும். ஆனா சோதிக்கிறவருக்குச் சம்பளம் கொடுக்கிறது சோதிக்கப்படுறவர். ஆடிட்டருக்கும் கம்பெனிக்கும் நடுவுல இருக்கிற அதே சிக்கல்தான். அரசுத் துறை திடீர்னு போய் மறுசோதனை பண்ணாம இது மட்டும் போதாது.

ஆக, நான் கேட்கிறது நாலே நாலு விஷயம்.

1. கட்டணம் செலவை ஒட்டி இருக்கணும். அந்தச் செலவுக் கணக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளிய இருக்கணும். தனிக் கணக்குல போய், சோதனைக்கு மட்டும் செலவாகணும்.

2. ஆபத்தையும் அளவையும் பொறுத்துக் கட்டணம் மாறணும். சின்னக் கடைக்குப் பேருக்கு ஒரு தொகை, இல்லைன்னா இலவசம். அரசுப் பள்ளிக்கும் அரசு மருத்துவமனைக்கும் கட்டணமே வேண்டாம், ஆனா சோதனை கட்டாயம் வேணும்.

3. முதல் சோதனைக்கு ஒரு கட்டணம். குறையைச் சரி பண்ணினாரான்னு பார்க்கிற முதல் மறுசோதனை இலவசம். அதுக்கு மேலயும் சரி பண்ணலைன்னா ஒவ்வொரு தடவையும் கட்டணம் ஏறட்டும்.

4. ரிப்போர்ட் கட்டட வாசல்ல ஒட்டணும். பார்த்த தேதி, கண்ட குறை, சரி பண்ண வேண்டிய கெடு எல்லாம் அதுல இருக்கணும். எத்தனை கட்டடம் பார்த்தாங்கன்னு வருஷத்துக்கு ஒரு தடவை மன்றத்துல சொல்லணும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது நாலாவதுதான். 2004 ஜூலை 16-ல கும்பகோணத்துல 94 குழந்தைகளை இழந்தோம். கீற்றுக் கூரை, குறுகலான படி. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது. ஒருத்தர் உள்ளே போய் நின்னு, தலையைத் தூக்கி மேலே பார்த்திருந்தா போதும். சோதனைக் கட்டணம்ங்கிறது அந்த ஒருத்தர் உள்ளே போறதுக்கான செலவுதான்.

நீங்க இப்போ என்ன பண்ணலாம்?

சட்டம் மாற நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க காசுக்கு நீங்களே காவல்.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க, அடுத்த மீட்டிங்ல மூணு பேப்பர் கேளுங்க: ஃபயர் சான்று எந்தத் தேதி வரைக்கும் செல்லும், கடைசிச் சோதனை ரிப்போர்ட், கட்டின கட்டணத்தோட ரசீது. ரசீது இருந்து ரிப்போர்ட் இல்லைன்னா, நீங்க வாங்கினது வெறும் காகிதம்.

புது ஃப்ளாட் வாங்கப் போறவங்க, பிளான் அனுமதிக்குக் கொடுத்த ஃபயர் என்.ஓ.சி.யோட நிறுத்திடாதீங்க. கட்டி முடிச்ச பிறகு வந்து பார்த்துக் கொடுத்த சான்றையும் கேளுங்க. ரெண்டும் வேற வேற.

கடை, மெஸ், கிளினிக் நடத்துறவங்க, சோதனைக் கட்டணத்தை வாடகை, கரண்ட் பில் மாதிரி வருஷ பட்ஜெட்ல ஒரு வரியா எழுதிடுங்க. தீ இன்சூரன்ஸ் இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. நஷ்டம் ஆகி க்ளெய்ம் போடும்போது, சர்வேயர் கேட்கிற பேப்பர்கள்ல லைசென்ஸும் ஃபயர் சான்றும் வரும். அன்னிக்கு அது இல்லைன்னா, இத்தனை வருஷம் கட்டின பிரீமியமும் கேள்விக்குறிதான்.

உங்க கட்டடத்துல கடைசியா யாராவது நேர்ல வந்து பார்த்தது எப்போ? எவ்வளவு கட்டினீங்க, ரிப்போர்ட் கையில வந்ததா? கமெண்ட்ல எழுதுங்க. நிறைய பேர் எழுதினா, அதையே வச்சு அடுத்த வீடியோ பண்ணலாம்.